லவோனியா ஸ்டான்சில் கேட்ட மன்னிப்பு

லவோனியா ஸ்டான்சில் அழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமையோ சனிக்கிழமையோ மிஸ் ஹெஸ்டர் வீட்டுக்குப் போனால் போதும். எழுத்தாளர் ஹெஸ்டர் லாசிட்டர் வாழ்ந்து செத்த வீடு அது. இப்போது காட்சிக்கு வைத்துவிட்டார்கள். அட்லாண்டாவிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு அறை அறையாகச் சுற்றிக் காட்டுவது லவோனியாவின் வேலை. கூடத்துச் சுவரில் ஒரு பழைய போட்டோ இருக்கிறது. எங்கள் முதல் பாப்டிஸ்ட் சர்ச்சின் வாசற்படியில் வெள்ளைக்கார ஆண்கள் வரிசையாகக் கையோடு கை கோத்து மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழ்ப்படியில் கோட்டும் டையுமாக மூன்று கறுப்பர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தவர்கள். நடுவில் மறித்து நிற்கிற தடித்த மனிதர் மேல் லவோனியா விரலை வைப்பாள்.

"இது எங்க அப்பா" என்பாள். அந்த இடத்தில் குரல் உடையும்.

நடிப்பு இல்லை. ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே அழுவாள். "அப்ப எனக்குப் பத்து வயசு. சர்ச் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தேன்" என்று சொல்லி மூக்கைச் சிந்துவாள். பஸ்ஸில் வந்த பெண்கள் அவள் தோளைத் தடவிக் கொடுப்பார்கள். போகும்போது மிஸ் ஹெஸ்டர் புத்தகத்தில் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போவார்கள்.

அப்பாவின் பாவத்தைச் சொல்லுவாள். ஆனால் பள்ளிக்கூடங்களில் கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்த பிறகு, ஊருக்கு வெளியே வெள்ளையர்கள் அவசர அவசரமாகக் கட்டிக்கொண்ட தனிப் பள்ளிக்கூடத்தில் அவளுடைய இரண்டு பையன்களும் படித்தார்கள் என்பதைச் சொல்ல மாட்டாள். அது அவள் புருஷன் ஹாய்ட் எடுத்த முடிவு, அவள் என்ன செய்வாள். அதே சமயத்தில் அவள் அரசாங்கப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் மேலாளராக இருந்து, மற்றவர்கள் பெற்ற கறுப்புப் பிள்ளைகளுக்கு வயிறு நிறையப் போட்டாள் என்பதும் நிஜம்தான். நல்ல மனசுக்காரி. அதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவளுக்கும் கிடையாது.

ஹாய்ட் போன பிறகுதான் மிஸ் ஹெஸ்டரைப் படித்தாள். கடலை மண்டியில் தூசு தின்றே அவன் நுரையீரல் கெட்டுப்போயிற்று. அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த அந்தக் குளிர்காலத்தில், வீட்டில் பேச்சுத் துணை இல்லாமல், நூலகத்திலிருந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து வந்தாள். சர்ச் வாசலில் நடந்ததை மிஸ் ஹெஸ்டர் வடக்கே ஒரு பத்திரிகையில் எழுதியதும், கடவுளின் வீட்டுக்குக் காவல்காரன் எதற்கு என்று கேட்டதும், அதற்காக முதல் பாப்டிஸ்ட் சபை கூடிக் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு அவரை நீக்கியதும் எங்களுக்கெல்லாம் அரைகுறையாகத் தெரிந்ததுதான். லவோனியா அதை முழுசாகப் படித்துவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம்தான் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாள்.

செத்தவர்களிடம் எங்கள் ஊர் ரொம்பப் பிரியமாக நடந்துகொள்ளும். உயிரோடிருக்கையில் மிஸ் ஹெஸ்டர் கடைத்தெருவுக்கு வந்தால் எதிர்ப் பக்கம் மாறிப் போனவர்களின் பிள்ளைகள் இப்போது அவர் முகத்தை பாங்க் காலண்டரில் அச்சடித்திருக்கிறார்கள். வருகிற அக்டோபரில் அவருக்கு நூறாவது பிறந்த நாள். அன்றைக்கு அவர் பெயரைச் சபையில் திரும்பச் சேர்க்க வேண்டும், கறுப்பர்களின் நீபோ மலை சர்ச்சும் நாமும் சேர்ந்து ஒரே கூரையின் கீழ் ஆராதனை நடத்த வேண்டும் என்று கிளப்பிவிட்டவள் லவோனியாதான். மூன்று வருஷமாக அதற்காக அலைந்தாள். எங்கள் சபையைச் சம்மதிக்க வைத்தது அவள். இனி நீபோ மலைக்காரர்கள் வர வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அது வாஷ்டி ரவுண்ட்ரீ கையில் இருந்தது. போட்டோவில் கீழ்ப்படியில் நிற்கிற மூவரில் ஒருவரான எலிஷா ரவுண்ட்ரீயின் மகள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சரி என்றால் நீபோ மலை முழுதும் எழுந்து வரும். முதலில் எங்கள் சர்ச் கூடத்தில் ஒரு மத்தியானச் சாப்பாடு, அங்கே சபை சார்பில் மன்னிப்பு வாசிப்பது, அவர் பார்த்துவிட்டு முடிவு சொல்வது என்று ஏற்பாடு. மன்னிப்பை வாசிக்கப் போவது லவோனியா. இருவரும் போனில்தான் பேசியிருந்தார்கள், நேரில் பார்த்ததில்லை. நேரில் போய்ப் பார்த்தவர் எங்கள் பாஸ்டர் டேரல் மட்டும்தான்.

"நான் ஏதாவது செஞ்சு எடுத்துட்டு வரட்டுமா?" என்று வாஷ்டி போனில் கேட்டார்.

"ஐயையோ, வேண்டவே வேண்டாங்க. நீங்க விருந்தாளி. சும்மா வந்தாப் போதும். முன்வாசல்ல பாஸ்டர் உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிப்பாரு."

முன்வாசல் என்பதை லவோனியா அழுத்திச் சொன்னாள். அப்பா மறித்த அதே படியில் பாஸ்டர் டேரல் வாஷ்டியின் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போக வேண்டும் என்று ராத்திரி படுக்கையில் எத்தனையோ தடவை மனசுக்குள் பார்த்துவிட்டாள். வாரப் பத்திரிகை போட்டோக்காரருக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

அன்றைக்குச் சமையற்கட்டில் ஒரே களேபரம். பொரித்த கோழி, பட்டர் பீன்ஸ், சோள ரொட்டி எல்லாம் தயார். பரிமாற ஆள் இல்லை. டெஸ்ஸி என்கிற கறுப்புப் பெண்மணி விருந்துகளுக்கு ஆள் அனுப்புகிறவள். இரண்டு பெண்களை அனுப்புகிறேன் என்றிருந்தாள். ஒருத்தியையும் காணோம்.

"டெஸ்ஸி எப்ப சொன்ன நேரத்துக்கு ஆள் அனுப்பியிருக்கா?" என்றாள் ஜூனெல். லவோனியாவின் சிநேகிதி, சமையற்கட்டுக்கு அவள்தான் ராணி. "நம்ம சாவுக்கு மட்டும்தான் கரெக்டா வந்து நிப்பாளுங்க."

"நீ வேற ஏன்டி. அந்தம்மா வர்ற நேரமாச்சு. டீ கிளாஸ் ஒண்ணுகூட மேஜைக்குப் போகல."

அப்போது பின்கதவு திறந்தது. உயரமாக ஒரு கறுப்புப் பெண்மணி, துண்டு சுற்றிய சூடான பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு சாப்பாட்டுக்குப் போக மாட்டார்கள், வேண்டாமென்று எத்தனை தடவை சொன்னாலும் சரி. பாத்திரம் கொண்டு வருகிறவர்கள் சமையற்கட்டு வழியாகத்தான் நுழைவார்கள். வெள்ளையோ கறுப்போ, எல்லா சர்ச்சிலும் இதுதான் வழக்கம். இது லவோனியாவுக்குத் தெரியாததில்லை.

லவோனியா முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"அப்பாடா, வந்துட்டியா! ஏம்மா, வர்ற நேரமா இது? அதை அந்த அடுப்புகிட்ட வை. ஏப்ரன் அதோ ஆணியில மாட்டியிருக்கு பாரு. முதல்ல டீ கிளாஸையெல்லாம் கூடத்துக்குக் கொண்டு போ. இன்னொருத்தி எங்க?"

வந்தவர் ஆணியைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொருத்தி வரல" என்றார்.

பாத்திரத்தை அடுப்புப் பக்கத்தில் வைத்தார். ஆணியிலிருந்து ஏப்ரனை எடுத்து, நீல உடுப்பின் மேல் கட்டிக்கொண்டார். கழுத்தில் முத்துமாலை. வேலைக்கு வருவதற்கு இத்தனை சிங்காரமா என்று லவோனியாவுக்குத் தோன்றியது. இதை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால் எல்லாவற்றையும் கொட்டியபோதுகூட இந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டாள்.

வந்தவர் டீ கிளாஸ் அடுக்கிய தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். சோள ரொட்டிக் கூடையோடு லவோனியா பின்னாலேயே போனாள். பாஸ்டர் டேரல் முன்வாசலில் காத்திருந்து அலுத்துப்போய், கடிகாரத்தைப் பார்த்தபடி உள்ளே வந்துகொண்டிருந்தார். தட்டோடு வந்தவரைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

"மிஸஸ் ரவுண்ட்ரீ! நீங்க ஏன் இதையெல்லாம்... நான் வாசல்ல..."

"சமையக்கட்டுல ஆள் பத்தல பாஸ்டர்" என்றார் வாஷ்டி. தட்டை மேஜையில் வைத்தார். ஏப்ரனைக் கழற்றி, ஓரம் பிசகாமல் நாலாக மடித்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "எனக்கும் கை சும்மாதானே இருக்கு."

லவோனியா அப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தாள். போனில் 'நீங்க' 'வாங்க' என்று குழைந்த அதே வாய். முகத்தைப் பார்க்காமல், பேர் கேட்காமல், நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏப்ரனைக் காட்டியிருக்கிறது. கூடையைப் பக்கத்திலிருந்தவர் கையில் திணித்துவிட்டுச் சமையற்கட்டுக்கு ஓடி வந்தாள்.

"நான் என்ன பண்ணிட்டேன் பாத்தியா ஜூனெல்? என்ன பண்ணிட்டேன்!"

"வேணும்னா பண்ணின? ஆள் வரலைன்னு தவிச்சுக்கிட்டு இருந்தோம், அந்த நேரம் பாத்து அவங்க நுழைஞ்சாங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க."

"யாரா இருந்தாலும் இல்லடி. அந்தக் கதவு வழியா பெத்தி ஆன் பாத்திரத்தோட வந்திருந்தா ஏப்ரனைக் கட்டுன்னு சொல்லியிருப்பேனா?"

பெத்தி ஆன் எங்கள் டாக்டர் பெண்டாட்டி, வெள்ளைக்காரி. ஜூனெல் கோழித் தட்டைக் கையில் எடுத்தாள்.

"சரி விடு. அந்தம்மாவே ஒண்ணும் சொல்லல. பெரிய மனுஷத்தனமா மூடி மறைச்சிட்டாங்க. நீ போய்க் கிளறாத" என்றாள்.

ஜூனெல் வாழ்நாளில் சொன்ன உருப்படியான யோசனை அது ஒன்றுதான். லவோனியா கேட்கவில்லை.

சாப்பாட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். லவோனியா மேஜைமேல் சாய்ந்து, "மிஸஸ் ரவுண்ட்ரீ, நான் அப்ப உள்ள..." என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

"கோழி நல்லா மொறுமொறுன்னு இருக்கு. யார் செஞ்சது?" என்றார் வாஷ்டி.

 லவோனியா தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

சாப்பாடு முடிகிற சமயத்தில் பாஸ்டர் கேட்டுக்கொண்டதால் வாஷ்டி எழுந்து நாலு வார்த்தை பேசினார். வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமான குரல்.

"எங்க அத்தை லூசிண்டா மிஸ் ஹெஸ்டர் வீட்டுல சமையல் பண்ணினாங்க. இந்தச் சபை மிஸ் ஹெஸ்டரை நீக்கினப்ப, மூணு வாரம் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகல. அத்தைதான் சூப்பு வச்சுக் கொடுத்துக் காப்பாத்தினாங்க. மிஸ் ஹெஸ்டர் நல்லவங்களான்னு எல்லாரும் கேப்பாங்க. நல்லவங்கதான். ஆனா அத்தைக்குன்னு ஒரு தனி டம்ளர் அந்தச் சமையக்கட்டுல தொங்கிச்சு. அதை மிஸ் ஹெஸ்டர் கடைசிப் புத்தகத்துல எழுதினாங்க, வெக்கமா இருக்குன்னு எழுதினாங்க. நாடே பாராட்டிச்சு. அத்தைக்கு அது பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் தெரியும். கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. 'ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்'னு."

கூடத்தில் சிலர் தலையாட்டினார்கள். லவோனியாவும் ஆட்டினாள். ஆனால் அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. கையிலிருந்த மன்னிப்புக் காகிதத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். இதை நான் எந்த முகத்தோடு வாசிப்பேன் என்பது ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் முறை வந்தது. எழுந்தாள். "எங்கள் முன்னோர் செய்த தவறுகளுக்காக" என்று முதல் வரியை வாசித்தாள். காகிதத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"முன்னோர்னு எழுதியிருக்கு. என்னால இதை வாசிக்க முடியாது" என்றாள். "எங்க அப்பாவை நான் வருஷக்கணக்கா ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுத்துக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு மத்தியானம் மிஸஸ் ரவுண்ட்ரீ அவங்க கையால செஞ்ச பண்டத்தோட பின்கதவு வழியா வந்தாங்க. நான் அவங்களப் பரிமாற வந்த ஆளுன்னு நெனச்சேன். ஏப்ரனைக் கட்டிக்கிட்டு டீ கிளாஸைத் தூக்குன்னு சொன்னேன். நான், லவோனியா! மிஸ் ஹெஸ்டர் புத்தகம் பூரா மனப்பாடம் பண்ணின நான்..."

அப்பாவின் போட்டோவுக்கு முன்னால் உடைகிற அதே குரல், அதே மாதிரி உடைந்தது.

ஏப்ரன் என்ற சொல் வந்தபோது எல்லாத் தலைகளும் ஒரு தடவை வாஷ்டி பக்கம் திரும்பின. நடுத்தெருவில் விழுந்து எழுந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, உடனே லவோனியா பக்கம் திரும்பிக்கொண்டன. ஜூனெல் தேம்பினாள். எங்கள் சபைப் பெரியவர், கிழட்டு டீக்கன் பியூஃபோர்ட், கைத்தடியை ஊன்றி எழுந்து கை தட்டினார். கூடமே எழுந்து தட்டியது.

"இதைச் சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! எனக்கெல்லாம் வராதும்மா" என்றார் டீக்கன்.

ஒருவர் மாற்றி ஒருவராக வந்து கட்டிப்பிடித்தார்கள். கன்னத்தைத் துடைத்துவிட்டார்கள். யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். போட்டோக்காரர் படம் எடுத்தார். லவோனியாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மறைப்பானேன், அவளுக்கு அது சுகமாக இருந்தது.

அப்படி ஒரு தோளில் முகம் புதைத்திருக்கும்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நீள மேஜையின் மறுகோடியில் வாஷ்டி தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். இரு பக்கமும் நாற்காலிகள் காலி. எல்லாரும் எழுந்து இங்கே வந்துவிட்டார்கள். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, சமையற்கட்டுப் பக்கம் போனார்.

கைகளை விலக்கிக்கொண்டு லவோனியா வெளியே வருவதற்குள் வாஷ்டி காரண்டை போய்விட்டார். கையில் அந்தப் பாத்திரம். சுற்றிய துண்டு சுற்றியபடியே இருந்தது. அதை யாரும் கூடத்துக்குக் கொண்டு வரவே இல்லை.

"மிஸஸ் ரவுண்ட்ரீ, கொஞ்சம் நில்லுங்க. நான் மனசாரத்தான் சொன்னேன்."

"தெரியும். அழுததும் நெஜம்தான்" என்றார் வாஷ்டி. பாத்திரத்தைப் பின்சீட்டில் சாயாமல் வைத்தார். "சமையக்கட்டுல நடந்தது எனக்கொண்ணும் புதுசு இல்ல. அந்த ஏப்ரனை மடிச்சு வச்சேன் பாருங்க, அதோட அதையும் அங்கயே வச்சிட்டேன். நீபோ மலையில யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு இருந்தேன். ஏன்னு கேளுங்க."

லவோனியா கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"சொன்னா எங்க ஆளுங்க வர மாட்டாங்க. எனக்கு அவங்களக் கூட்டிட்டு வரணும்னு இருந்துச்சு. எங்க அப்பா ஏற முடியாம போன படியில ஏறிப் பாக்கணும்னு இருந்துச்சு. இப்ப பொழுது சாயுறதுக்குள்ள ஊரெல்லாம் பேசுவாங்க. உங்களத் தைரியசாலிம்பாங்க. என்னை, ஏப்ரன் கட்டிக்கிட்ட அம்மாம்பாங்க. நான் படிச்ச படிப்பு, சொல்லிக் கொடுத்த பிள்ளைங்க, எங்க அப்பா பேரு, எல்லாம் போயி அது ஒண்ணுதான் நிக்கும்."

"நான் சாப்பிடும்போதே உங்ககிட்ட பேச வந்தேனே..."

"மன்னிப்புக் கேக்க வந்தீங்க. அதை நான்தான் வேண்டாம்னு தள்ளினேன். ஆனா இதை ஊருக்கு முன்னால சொல்லட்டுமான்னு நீங்க எங்கிட்ட கேக்கல. நடந்தது எனக்கு, மிஸஸ் ஸ்டான்சில். என்னோடதை எடுத்து நீங்க கைதட்டு வாங்கிட்டீங்க."

 லூசிண்டா அத்தை சொன்னதாக வாஷ்டி சொன்ன அந்த வார்த்தை அப்போதுதான் லவோனியாவுக்குக் கேட்டது. கால்மணி நேரத்துக்கு முன்னால், அவ்வளவு தெளிவாக, எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தார். இவள் தலையைத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நிமிஷம் எழுந்து அதையே செய்திருந்தாள். மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. வாயைத் திறந்தாள். ஏதாவது உருப்படியாகச் சொல்ல வேண்டும் என்று தவித்தாள். வந்தது இதுதான்:

"அப்ப... அக்டோபர்?"

வாஷ்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

லவோனியா அங்கேயே நின்றாள். கார் நீபோ மலைப் பக்கம் திரும்பி மறைந்தது. திரும்பிக் கூடத்துக்குள் வந்தபோது எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஜூனெல் புதிதாக ஒரு தட்டில் போட்டு மூடி வைத்திருந்தாள். நாற்காலியை இழுத்து உட்கார வைத்தார்கள்.

"அந்தம்மா கிளம்பிட்டாங்களா?" என்று கேட்டார் பாஸ்டர். "என்ன சொன்னாங்க மிஸ் லவோனியா?"

மேஜை முழுக்கப் பிரியமான முகங்கள். எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. உண்மையைச் சொன்னதற்காகச் சற்றுமுன் அவளைக் கட்டிப்பிடித்தவர்கள். இப்போதும் சொல்ல வேண்டியது உண்மையைத்தான். இந்த உண்மையைச் சொன்னால் யாரும் கட்டிப்பிடிக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. இந்த முகங்கள் எப்படி மாறும் என்பதும் தெரிந்தது.

"மனசு நெறஞ்சுபோச்சுன்னாங்க" என்றாள் லவோனியா.

மறுபடியும் கை தட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, தட்டில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டு முடித்தாள்.